பிக்மி எண் முதல் பிறப்புச் சான்றிதழ் வரை: முதல் குழந்தைக்குக் காத்திருப்பவர்களுக்கு

தமிழ்நாட்டில் கர்ப்பமான ஒவ்வொரு பெண்ணும் ஒரு 12 இலக்க எண் வாங்க வேண்டும். அரசு மருத்துவமனையில் காட்டினாலும் சரி, தனியாரில் காட்டினாலும் சரி. அரசுக் காகிதங்களில் அதன் பெயர் ஆர்.சி.எச். எண். ஊரில் எல்லாரும் சொல்வது பிக்மி நம்பர். 2017-லிருந்து குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கே இந்த எண்ணைக் கேட்கிறார்கள். மகப்பேறு நிதியுதவிக்கோ இது இல்லாமல் வழியே கிடையாது.

எனக்கு இதை ஆரம்பத்தில் யாரும் சொல்லவில்லை. நான் காட்டிக்கொண்டிருந்த தனியார் மருத்துவமனையில் ஏழாம் மாதம்தான் "பிக்மி நம்பர் கொடுங்கம்மா" என்றார்கள். அதற்குள் வளைகாப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. அம்மா வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். ஆதாரில் ஒரு முகவரி, ரேஷன் கார்டில் இன்னொன்று, குடியிருப்பது மூன்றாவது. நிறைமாத வயிற்றோடு வரிசையில் நிற்கிற அந்த அலைச்சல் இன்னொருவருக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கணவர்மார்களும் படியுங்கள், பாதி வேலை உங்களால் ஆகக்கூடியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சான்றிதழுக்காக மட்டும் வாங்கும் எண் என்று இதை நினைத்தால் கடைசி மாதம்வரை தள்ளிப்போடத்தான் தோன்றும். நடப்பது வேறு. உங்கள் எடை, ரத்த அழுத்தம், ரத்தத்தின் அளவு எல்லாவற்றையும் பகுதிச் செவிலியர் இந்த எண்ணின் கீழ் ஏற்றுகிறார். அதை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் பார்க்கிறார், மாவட்ட சுகாதார அலுவலகம் பார்க்கிறது, சென்னை தேனாம்பேட்டையில் இருக்கும் பொது சுகாதாரத் துறை இயக்குநரகமும் பார்க்கிறது. இந்த மாதம் யாருக்கெல்லாம் பிரசவ நாள், அவர்களில் யாருக்கு ரத்தம் குறைவு, யாருக்கு முதல் பிரசவம் சிசேரியன் என்று பட்டியல் எடுப்பது இதிலிருந்துதான். ஒரு தாய் இறந்தால் எங்கே தவறியது என்று மாவட்ட ஆட்சியர் வரைக்கும் விசாரணை போகும். 2018-20 கணக்கில் உயிரோடு பிறந்த லட்சம் குழந்தைகளுக்கு இந்திய அளவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. இந்த வித்தியாசத்தில் வீடு வீடாகப் போய்ப் பதிவு செய்யும் செவிலியர்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம். நீங்கள் பதிவில் இல்லையென்றால் அந்தப் பட்டியலிலும் இருக்க மாட்டீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

1. முதலில் வாரக் கணக்கைச் சரியாகப் போடுங்கள்

கடைசியாக மாதவிலக்கு வந்த முதல் நாளிலிருந்துதான் வாரத்தை எண்ணுவார்கள். பரிசோதனை அட்டையில் இரண்டு கோடு தெரிந்த நாளிலிருந்து இல்லை. நாள் தள்ளிப்போய் ஒரு வாரம் பொறுத்துப் பரிசோதனை செய்தீர்களென்றால், அன்றைக்கே உங்களுக்கு ஐந்தாவது வாரம் முடிந்திருக்கும். நிதியுதவி வேண்டுமென்றால் பதிவுக்குக் கெடு 12 வாரம். ஆக, உங்கள் கையில் மீதி இருப்பது ஏழு வாரம்தான்.

"மூணு மாசம் முடியட்டும், அப்புறம் வெளியே சொல்லலாம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். சொந்தக்காரர்களுக்கு அப்புறமே சொல்லிக்கொள்ளுங்கள். செவிலியருக்கு மட்டும் உடனே சொல்லிவிடுங்கள். மூன்று மாதம் முடியும்வரை காத்திருந்தால் கெடுவும் அதோடு முடிந்துவிடும். நிதியுதவி வாங்க முடியாமல் போனவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களில் பெரும்பாலானோர் தவறவிட்டது இந்த இடத்தில்தான்.

கடைசி மாதவிலக்குத் தேதியோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் உத்தேசப் பிரசவத் தேதி. மார்ச் 3 என்றால் டிசம்பர் 10. இரண்டு தேதிகளையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், போகிற இடமெல்லாம் கேட்பார்கள். இடத்துக்கு ஒரு தேதியாகச் சொன்னால் பதிவில் குழப்பம் வரும். மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்கள் முதல் ஸ்கேன் அறிக்கையைக் காட்டுங்கள்.

2. உங்கள் பகுதிச் செவிலியர் யார் என்று கண்டுபிடியுங்கள்

கிராமமென்றால் இது எளிது. கிராம சுகாதார செவிலியரை, நர்ஸம்மா என்று கேட்டாலே வீட்டைக் காட்டுவார்கள். சமவெளியில் சுமார் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அதற்குப் பொறுப்பானவர் அவர்.

நகரத்தில், அதுவும் வாடகை வீட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு, இதுதான் திணறல். அடுக்குமாடிக் குடியிருப்பில் வாசல் காவலரைத் தாண்டி செவிலியர் உள்ளே வர முடியாத இடங்கள் நிறைய இருக்கின்றன. எனக்குத் தெரிந்த சுருக்குவழி, பக்கத்துத் தெரு அங்கன்வாடி. அங்கே இருக்கும் அக்காவுக்கு அந்தப் பகுதிச் செவிலியரின் பெயர், ஃபோன் எண், எந்தக் கிழமை எந்தத் தெருவுக்கு வருவார் என்பது வரைக்கும் தெரியும். அது சரிப்படவில்லையென்றால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்த் தெருப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக உங்கள் தெரு அதன் எல்லைக்குள் வரும் என்று இல்லை. சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு நிலையம், அந்தப் பக்கம் இன்னொன்று என்று பிரிந்திருக்கும். அதனால் காத்திருந்து டோக்கன் வாங்கும் முன்பே, "இந்தத் தெரு உங்களுக்கு வருமா?" என்று கேட்டுவிடுங்கள்.

செவிலியரின் எண் கிடைத்ததும் உங்கள் ஃபோனிலும் கணவர் ஃபோனிலும் ஏற்றிக்கொள்ளுங்கள். அடுத்த இரண்டு வருடத்துக்கு அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பீர்கள்.

3. காகிதங்களைத் தயாராக வையுங்கள்

எல்லாவற்றுக்கும் அசலும் இரண்டு நகலும்:

- உங்கள் ஆதார், கணவரின் ஆதார்
- ரேஷன் அட்டை (பெயர் இன்னும் பிறந்த வீட்டு அட்டையில் இருந்தால் அந்த அட்டை)
- உங்கள் பெயரிலேயே இருக்கும் வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம்
- கர்ப்பத்தை உறுதிசெய்த சீட்டு அல்லது ஸ்கேன் அறிக்கை
- பாஸ்போர்ட் அளவுப் படம்
- நீங்கள் அன்றாடம் கையில் வைத்திருக்கும் மொபைல் எண்

இதில் மூன்று இடங்களில் ஜனங்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலாவது மொபைல் எண். கணவரின் எண்ணைக் கொடுத்துவிட்டு அவர் வேலைக்குப் போய்விட்டால், ஓடிபி வரும்போது நீங்கள் செவிலியர் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பீர்கள். ஆதாரோடு இணைந்த எண் பழைய சிம்மாக இருந்தால் இந்த வாரமே ஆதார் மையத்துக்குப் போய் மாற்றுங்கள்.

இரண்டாவது வங்கிக் கணக்கு. கணவரின் கணக்கோ மாமியாரின் கணக்கோ உதவாது. உங்கள் பெயரில் கணக்கு இருந்தாலும், அது ஆதார் வழியாக அரசுப் பணம் வாங்கும்படி இணைக்கப்பட்டிருக்க வேண்டும். வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருப்பது வேறு, இந்த இணைப்பு வேறு. வங்கியில் "டிபிடி-க்கு ஆதார் சீடிங் ஆகியிருக்கா?" என்று இந்த வார்த்தையிலேயே கேளுங்கள். உங்களுக்கு இரண்டு மூன்று கணக்கு இருந்தால், கடைசியாக எதை இணைத்தீர்களோ அதற்குத்தான் பணம் போகும். கல்லூரிக் காலத்தில் உதவித்தொகைக்காகத் திறந்து மறந்துபோன கணக்கில் பணம் போய் உட்கார்ந்துகொள்வது இப்படித்தான். கணக்கே இல்லாதவர்கள் தபால் நிலையத்தில் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கு திறக்கலாம். இருப்பு வைக்க வேண்டாம், ஆதார் இணைப்பையும் அங்கேயே செய்துவிடுவார்கள்.

மூன்றாவது பெயர். ஆதாரில் அப்பா பெயர் இனிஷியலாக இருக்கும், கல்யாணத்துக்குப் பிறகு திறந்த வங்கிக் கணக்கில் கணவர் பெயர் ஒட்டியிருக்கும். முதல் இரண்டு மாதத்துக்குள் மாற்ற முடிந்தால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். அதற்குமேல் நாள் போய்விட்டதென்றால் ஆதாரைத் தொட வேண்டாம். வங்கிப் பெயரை ஆதாருக்குப் பொருந்தும்படி மாற்றுவது சீக்கிரம் முடியும். நடுவில் ஆதாரை மாற்றினால் பிக்மி பதிவு ஒரு பெயரிலும் மற்றது வேறு பெயரிலும் நின்றுவிடும்.

4. முன்பதிவு, அப்புறம் எண்

முன்பதிவு செய்யப் பல வழிகள் உண்டு. செவிலியரிடம் நேரில் போகலாம், 102-க்கு ஃபோன் செய்யலாம், பிக்மி இணையதளத்தில் நீங்களே விவரம் கொடுக்கலாம், இ-சேவை மையத்திலும் செய்யலாம். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. இ-சேவை மையத்தில் அவர்களுடைய சேவைக் கட்டணம் மட்டும் கேட்பார்கள். "நம்பர் வாங்கித் தர்றேன்" என்று நூறு இருநூறு கேட்கும் ஆட்களுக்குக் கொடுக்காதீர்கள். இணையத்தில் தேடும்போது முகவரி தமிழ்நாடு அரசின் டிஎன் டாட் ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று பாருங்கள். மற்ற தளங்களில் ஆதார் எண்ணைக் கொடுக்க வேண்டாம்.

நிறைய பேர் குழம்பும் இடம் ஒன்று இருக்கிறது. இணையத்திலோ 102-லோ பதிந்ததும் ஒரு எண் வரும். அது முன்பதிவு எண் மட்டும்தான். செவிலியர் உங்களை நேரில் பார்த்து, காகிதங்களைச் சரிபார்த்து ஏற்றிய பிறகு வருவதுதான் 12 இலக்க ஆர்.சி.எச். எண். முன்பதிவு எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிட்டு, பிரசவ வார்டில் அது செல்லாது என்று தெரிந்துகொண்டவர்கள் உண்டு. கையில் இருக்கும் எண்ணில் எத்தனை இலக்கம் என்று இப்போதே எண்ணிப் பாருங்கள்.

முன்பதிவு செய்து ஒரு வாரம் ஆகியும் யாரும் கூப்பிடவில்லையா? காத்திருக்காதீர்கள், காகிதங்களோடு நீங்களே போய்விடுங்கள். ஒரு செவிலியருக்குத் தடுப்பூசி நாள், கூட்டம், வீட்டுப் பார்வை, இரவில் கணினிப் பதிவு என்று வேலை கழுத்துவரை இருக்கிறது. மத்தியானத்துக்கு மேல் அமைதியாகப் போய் உட்கார்ந்தால் பொறுமையாக ஏற்றித் தருவார்கள்.

எண் வந்ததும் தாய் சேய் நல அட்டையில் எழுதி வாங்கி, அந்தப் பக்கத்தை ஃபோனில் படம் எடுத்து, கணவருக்கும் அம்மாவுக்கும் அனுப்பிவையுங்கள். இரண்டாவது குழந்தையென்றால் முதல் குழந்தைக்கு வாங்கிய எண்ணை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கரு தங்காமல் போய்விட்டால், மனம் ஆறிய பிறகு யாரையாவது விட்டுச் செவிலியருக்குச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பதிவு முடியாமல் நிற்கும். பரிசோதனைக்கு வரச்சொல்லி ஃபோன் வந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்தில் அதைத் தாங்குவது கஷ்டம்.

5. பரிசோதனை நாட்கள்

ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கான நாள் செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை தடுப்பூசி. இது தவிர மாதந்தோறும் 9-ஆம் தேதி சிறப்பு முகாம் உண்டு. தனியார் மருத்துவரிடம் காட்டுகிறவர்களும் நான்கு முறையாவது இங்கே போய்ப் பதிந்துவிட வேண்டும் என்பேன்: 12 வாரத்துக்குள் ஒருமுறை, 14-லிருந்து 26-க்குள் ஒருமுறை, 28-லிருந்து 34-க்குள் ஒருமுறை, 36-க்குமேல் ஒருமுறை. போக முடியாத மாதத்தில் தனியார் சீட்டைப் படம் எடுத்துச் செவிலியருக்கு அனுப்பினால் ஏற்றிக்கொள்வார்கள்.

முதல் நாளன்று காலை எட்டரைக்கே போய்விடுங்கள். எடை, உயரம், ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். சிறுநீரில் உப்பும் சர்க்கரையும் பார்ப்பார்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின், ரத்த வகை, எச்.ஐ.வி., பால்வினை நோய், மஞ்சள் காமாலை பி வகைப் பரிசோதனைகள். வெளியே ஆயிரக்கணக்கில் செலவாகும் இவையெல்லாம் இங்கே இலவசம்.

சர்க்கரைப் பரிசோதனைக்கு மட்டும் நேரம் ஒதுக்கி வாருங்கள். 75 கிராம் குளுக்கோஸை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கித் தருவார்கள். பாயசத்தைவிடத் திகட்டும், மசக்கைக்காரர்களுக்கு வயிற்றைப் புரட்டும். ஐந்து பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு மெதுவாகக் குடியுங்கள், ஒரே மூச்சில் குடிக்காதீர்கள். வாந்தி எடுத்துவிட்டால் சொல்லிவிட வேண்டும், இன்னொரு நாள் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும். குடித்துச் சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். இடையில் டீ, பிஸ்கட் எதுவும் கூடாது, வெளியே நடந்து திரியவும் வேண்டாம். அளவு 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. முதல் முறை சரியாக இருந்தாலும் 24-28 வாரத்தில் மறுபடி செய்துகொள்ளுங்கள். பலருக்கு அப்போதுதான் தலைகாட்டும்.

ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, 7-க்குக் கீழே போனால் ஆபத்து. இரும்புச்சத்து மாத்திரையை நான்காம் மாதத்திலிருந்து தினமும் ஒன்று, குறைந்தது 180 நாள் போட வேண்டும். நம் பெண்கள் இதை வாங்கி வந்து அலமாரியில் அடுக்கிவிடுகிறோம். மலம் கறுப்பாகப் போகும், கொஞ்சம் மலச்சிக்கல் வரும், பயப்பட வேண்டியதில்லை. டீ, காபியோடு போட்டால் சத்து உடம்பில் ஒட்டாது. கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடக்கூடாது. கால்சியம் மதியச் சாப்பாட்டோடு, இரும்பு ராத்திரி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து என்று வைத்துக்கொண்டால் மறக்காது. மாத்திரை ஒத்துக்கொள்ளவே இல்லையென்றால் மறைக்காமல் சொல்லுங்கள், நரம்பு வழியாக ஏற்றும் இரும்பு மருந்து இருக்கிறது.

ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்து டிடி ஊசி நான்கு வார இடைவெளியில் இரண்டு. குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் 18-20 வாரத்தில். தனியாரில் இதற்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டும். அரசு மருத்துவமனையில் எழுதி வாங்கினால் செலவில்லை, ஆனால் வரிசை நீளம். ஆகவே 16-ஆவது வாரத்திலேயே தேதி கேளுங்கள்.

உங்கள் அட்டையில் "ஹை ரிஸ்க்" என்று சிவப்பில் எழுதினால் பதறாதீர்கள். ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டாலோ, சர்க்கரை இருந்தாலோ, இரட்டைக் குழந்தையென்றாலோ, முதல் பிரசவம் சிசேரியன் என்றாலோ எழுதுவார்கள். எழுதிவிட்டால் உங்கள்மேல் கூடுதல் கண் இருக்கும். கூப்பிட்டுக் கேட்பார்கள், பிரசவத்துக்குச் சில நாள் முன்பே எந்தப் பெரிய மருத்துவமனையில் சேர வேண்டும் என்று தேதி போட்டுத் தருவார்கள். அறுவை சிகிச்சையும் ரத்த வசதியும் 24 மணி நேரமும் இருக்கும் அரசு மருத்துவமனைகளைச் சீமாங் சென்டர் என்பார்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் அது எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஹை ரிஸ்க் என்று எழுதினால் மாமியார் வீட்டில் பேச்சு வருமே என்று செவிலியரிடம் பழைய நோயை மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இதயக் கோளாறு, வலிப்பு, முன்னால் குழந்தை இறந்து பிறந்தது, எதுவானாலும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

6. நிதியுதவி

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய். இதில் 14,000 பணமாகவும், 4,000 ரூபாய் மதிப்புக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் கிடைக்கும். மத்திய அரசின் பிரதமர் மாத்ரு வந்தனா திட்டமும் இதோடு சேர்ந்ததுதான். தனியாக இன்னொரு விண்ணப்பம் என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள்.

யாருக்குக் கிடைக்கும்: ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு, 19 வயது நிறைந்தவர்களுக்கு, முதல் இரண்டு பிரசவங்களுக்கு. 12 வாரத்துக்குள் பதிந்திருக்க வேண்டும். பிரசவத்துக்குப் பிந்தைய தவணைக்கு அரசு மருத்துவமனையில் பிரசவம் ஆகியிருக்க வேண்டும்.

2024-இல் தவணைகளை மாற்றினார்கள். முன்பு ஐந்தாகப் பிரித்துக் கொடுத்த பணம் இப்போது மூன்று தவணையாக வருகிறது. கர்ப்பத்தின் நான்காம் மாதம் 6,000, குழந்தைக்கு நான்காம் மாதம் 6,000, குழந்தைக்கு ஒன்பதாம் மாதம் 2,000. பெட்டகங்கள் கர்ப்பத்தின் மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும். சத்துமாவு, இரும்புச்சத்து டானிக், பேரீச்சை, நெய் போன்றவை இருக்கும். நேரில் போய்க் கையெழுத்திட்டு வாங்க வேண்டும்.

இந்த மாதம் பணம் வரும் என்று நம்பி வட்டிக்கு வாங்கிச் செலவு செய்யாதீர்கள். தவணைத் தேதி என்பது தகுதி வரும் தேதிதான், பணம் அதற்குப் பின்னால் தள்ளியும் வரும். வராவிட்டால் முதலில் வங்கியில் ஆதார் இணைப்பைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் செவிலியரிடம் உங்கள் எண்ணுக்கு நேராக எந்த நிலை காட்டுகிறது என்று கேளுங்கள். ஒரு பரிசோதனையோ தடுப்பூசியோ ஏற்றப்படாமல் இருந்தால் தவணை அங்கேயே நின்றிருக்கும். பெரும்பாலும் காரணம் இந்த இரண்டில் ஒன்றுதான்.

இது தவிர, ஜனனி சுரக்ஷா திட்டத்தில் தகுதியுள்ளவர்களுக்குக் கிராமத்தில் 700, நகரத்தில் 600 ரூபாய் உண்டு. கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

7. அம்மா வீட்டுக்குப் போகும்போது

நம் ஊர்ப் பழக்கத்துக்கும் கணினிப் பதிவுக்கும் முட்டிக்கொள்ளும் இடம் இது. தலைப்பிரசவம் அம்மா வீட்டில். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் பெண் ஊர் மாறிவிடுகிறாள். இங்கே இருக்கும் செவிலியருக்கு அவள் போனது தெரியாது, அங்கே இருக்கும் செவிலியருக்கு அவள் வந்தது தெரியாது. ஆபத்து அதிகமாக இருக்கும் கடைசி இரண்டு மாதம் யார் பார்வையிலும் இல்லாமல் கழிந்துவிடுகிறது.

கிளம்புவதற்கு முந்தின வாரம் இவற்றைச் செய்யுங்கள். இந்தப் பகுதிச் செவிலியரிடம் ஊர், வட்டாரம், அம்மா வீட்டு முகவரி, எப்போது திரும்புவீர்கள் என்பதைச் சொல்லுங்கள். அந்தப் பகுதிச் செவிலியரின் எண்ணைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், அவர்களுக்குள் வாட்ஸாப் குழுக்கள் இருக்கின்றன. அம்மா வீட்டில் இறங்கிய இரண்டு நாளில் அங்கே அட்டையைக் காட்டித் தற்காலிகமாக வந்தவர் என்று சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கே புதிதாக இன்னொரு எண் போட வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு கர்ப்பத்துக்கு இரண்டு எண் ஆகிவிட்டால் பரிசோதனை ஒன்றிலும் பிரசவம் இன்னொன்றிலும் பதிவாகி, நிதியுதவி இரண்டிலும் நிற்கும்.

ஸ்கேன் அறிக்கை, ரத்தச் சீட்டு, அட்டை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையிலேயே வையுங்கள், பெட்டிக்குள் வேண்டாம்.

8. பிரசவ நாள்

வலி கண்டால் 108. எண், அட்டை, ஆதார் நகல் கையில் இருக்கட்டும். அரசு மருத்துவமனையில் பிரசவம், மருந்து, ரத்தம் எல்லாம் இலவசம். சுகப்பிரசவத்துக்கு மூன்று நாள், சிசேரியனுக்கு ஏழு நாள் வரை சாப்பாடும் இலவசம். வீடு திரும்பவும் இலவச வண்டி உண்டு, முந்தின நாளே வார்டில் சொல்லிவைக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது கூட ஒரு பெண்ணை வைத்துக்கொள்ளலாம். அம்மாவோ அக்காவோ யார் வருகிறார்கள் என்று முன்பே முடிவு செய்யுங்கள்.

9. பிறந்த 21 நாளுக்குள்

குழந்தை எங்கே பிறந்ததோ அந்த எல்லையின் பதிவாளரிடம்தான் பிறப்பு பதிவாகும். உங்கள் சொந்த ஊரில் ஆகாது. 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. அதைத் தாண்டி 30 நாள் வரை தாமதக் கட்டணம், அப்புறம் ஒரு வருடம் வரை அனுமதிக் கடிதம், ஒரு வருடமும் தாண்டினால் கோட்டாட்சியர் வரைக்கும் அலைய வேண்டும்.

மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே விவரத்தை அனுப்பிவிடுவார்கள். உங்கள் வேலை, டிஸ்சார்ஜ் ஆகும் முன் அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கி ஒவ்வொரு எழுத்தாகப் பார்ப்பது. அம்மா பெயர், அப்பா பெயர், இரண்டும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஆதாரில் இருப்பதுபோல இருக்கிறதா? பிரசவ நேரத்து முகவரி, நிரந்தர முகவரி என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். அம்மா வீட்டு முகவரி நிரந்தர முகவரிக் கட்டத்தில் ஏறிவிட்டதா? அந்த இடத்தில் ஐந்து நிமிடம் செலவழித்தால் பின்னால் திருத்தத்துக்காக அலைய வேண்டாம். படிவத்தை நிரப்பும் நேரத்தில் தாய் மயக்கத்தில் இருப்பாள், இந்த வேலையைக் கணவர் செய்ய வேண்டும்.

குழந்தையின் பெயரை அன்றைக்கே கொடுக்க வேண்டியதில்லை. பெயரில்லாமல் பதிந்துவிட்டு, 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்குமேல் 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆனால் ஒருமுறை ஏறிய பெயரை மாற்றுவது லேசில்லை. எண்கணிதம் பார்த்து ஆங்கில எழுத்தைக் கூட்டிக் குறைப்பதாக இருந்தால் பதிவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம், அதற்காகப் புரோக்கர் யாரும் வேண்டாம்.

10. தடுப்பூசிப் பதிவு

பிறந்த அன்றே பி.சி.ஜி., போலியோ சொட்டு, 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி. அப்புறம் ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரம். ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா. தனியாரில் ஒரு டோஸ் ஆயிரக்கணக்கில் ஆகும் நிமோகாக்கல் ஊசியும் அரசில் இலவசம், ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாம் மாதம் என்று மூன்று முறை.

இரண்டாம் தவணைப் பணம் பதினான்காவது வார ஊசியோடும், கடைசித் தவணை ஒன்பதாம் மாத ஊசியோடும் கட்டப்பட்டிருக்கிறது. தனியாரில் போடுகிறவர்கள் ஒவ்வொரு ஊசிக்கும் சீட்டை வாங்கிச் செவிலியரிடம் காட்டி ஏற்றச் சொல்ல வேண்டும். தனியாரில் ஆறு நோய்க்குச் சேர்த்துப் போடும் ஊசி அரசு அட்டவணையில் ஐந்தாக இருக்கும், அதனால் ஊசியின் பெயரோடு சீட்டு அவசியம்.

குழந்தைக்குச் சளி, லேசான காய்ச்சல் என்று புதன்கிழமையைத் தள்ளிப்போடாதீர்கள். அழைத்துப் போய்க் காட்டிக் கேளுங்கள், பெரும்பாலும் போட்டுவிடுவார்கள். அம்மா வீட்டிலிருந்து திரும்பி வந்ததும் பழைய செவிலியரிடம் மறுபடி அட்டையைக் காட்டிக் குழந்தையை அவர் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். 16-லிருந்து 24 மாதத்துக்குள் ஒரு பூஸ்டர், 5 வயதுக்குமேல் இன்னொன்று இருக்கிறது. பள்ளியில் சேர்க்கும்போதும் தடுப்பூசி அட்டையைக் கேட்பார்கள், பிறப்புச் சான்றிதழோடு ஒரே உறையில் வையுங்கள்.